மண்டபத்தின் திறப்பைக் கேட்டு, ஆலய பரிபாலன சபையினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் அம்மன் ஆலயத்தின் பரிபாலன சபைத் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்களுக்கும், வன்னியிலுள்ள ஏனைய ஆலயங்களின் நிருவாகத்தினருக்கும்,

வணக்கம்.

நான் விசுவமடுவை அண்டிய ஒரு குடியேற்றக் கிராமத்தில் வசிப்பவள். கிளிநொச்சியிலுள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடங்களாகத் தையல் இயந்திரத்தில் வேலை செய்கிறேன். பத்து வயதில் ஒரு மகளும் ஆறு வயதில் ஒரு மகனும் எனக்கு இருக்கிறார்கள். உங்களில் பலருக்கு என்னை முகம் தெரியும். திருவிழாக் காலத்தில் மடைப்பள்ளிக்குப் பின்னால் இருந்து மரக்கறி வெட்டுகிற பெண்களில் நானும் ஒருத்தி. சபையில் இன்றுவரை ஒரு பெண்ணும் இல்லை என்பதாலும், சபைக் கூட்டம் நடக்கிற நேரத்தில் நான் வேலைத்தலத்தில் இருந்து திரும்பும் பேருந்தில் இருப்பேன் என்பதாலும், நேரே வந்து சொல்ல வேண்டியதை எழுத்தில் வைக்கிறேன். ஊரில் என்னைப்போல 14 தாய்மார் இந்த மடலை வாசித்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் இது உங்கள் கைக்கு வருகிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கோயிலின் தெற்கு வெளிவீதியில் கட்டப்பட்டிருக்கும் அன்னதான மண்டபத்தை, பாடசாலை நாள்களில் பிற்பகல் ஒன்றரை மணி தொடக்கம் மாலை ஆறரை மணி வரைக்கும் எங்கள் பிள்ளைகள் இருப்பதற்குத் திறந்துவிடுங்கள்.

என் நாள் எப்படிப் போகிறது என்று சொன்னால்தான் இந்த நேரக் கணக்கு விளங்கும். விடியப்புறம் மூன்றே முக்காலுக்கு எழும்புகிறேன். முகம் கழுவித் திருநீறு பூசி, சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டுத்தான் அடுப்பை மூட்டுவேன். அம்மா பழக்கிவிட்ட ஒழுங்கு அது. காலைக்குப் புட்டு, மத்தியானத்துக்குச் சோறும் இரண்டு கறியும். மத்தியானச் சாப்பாட்டை மகளுக்கு எட்டுகிற உயரத்தில் மூடிவைத்து, மூடிக்கு மேலே ஒரு கல்லையும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குரங்கு இழுத்துவிடும். ஐந்து இருபதுக்குச் சந்தியில் கம்பனிப் பேருந்து வந்து நிற்கும். தருமபுரம், முரசுமோட்டை, பரந்தன் என்று ஒவ்வொரு இடத்திலும் பெண்களை ஏற்றிக்கொண்டு அது கிளிநொச்சிக்குப் போகும். வழியில் தெரிகிற ஒவ்வொரு கோயிலுக்கும் நெற்றியைத் தொட்டுக்கொள்வோம். சிலர் உதடு அசையாமல் தேவாரம் சொல்லிக்கொண்டு வருவார்கள், சிலர் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். என்னுடைய வழிபாடு பெரும்பாலும் அந்தப் பேருந்துக்குள்தான் நடக்கிறது. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நான் கடைசியாக நேரத்தோடு வந்து நின்றது எப்போது என்று நினைவில்லை; நான் ஊருக்குள் வந்து இறங்கும்போது ஐயர் நடையைச் சாத்திக்கொண்டிருப்பார்.

தம்பியை எழுப்பி, தலை வாரி, பாடசாலைக்கு வெளிக்கிடுத்துவது பத்து வயது மகள். பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. சின்ன வகுப்புகளை அதற்கும் முன்னரே விட்டுவிடுவார்கள். என்னுடைய மகன் தமக்கையின் வகுப்பு முடியும்வரை பாடசாலை வாசலில் வேப்பமரத்தின் கீழ் காத்திருந்து, அவளோடு சேர்ந்து வருவான். நான் வந்து படலையைத் திறக்கும்போது ஆறரை தாண்டியிருக்கும். மாரிகாலத்தில் அது நல்ல இருட்டு. இடையில் இருக்கிற அந்த ஐந்து மணித்தியாலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. தைத்துக்கொண்டிருக்கும்போது ஊசி உடைந்தால் இயந்திரத்தை உடனே நிறுத்திவிட்டு, உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுக்க வேண்டும். எடுத்த துண்டுகளைத் தாளில் ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டி, முழு ஊசியும் கிடைத்துவிட்டது என்று பதிந்து கையெழுத்து வைத்த பிறகுதான் புதிய ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும், அந்த நேரத்தில் தைத்த உடுப்புகளை ஒதுக்கி வைத்து ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். கடலுக்கு அப்பால் எங்கேயோ ஒரு பிள்ளை போடப்போகிற சட்டைக்குள் அந்த இரும்புத் துண்டு இருந்து குத்திவிடக் கூடாது என்பதற்காக. மிகச் சரியான வழக்கம் அது; நான் அதை ஒரு நாளும் சலிப்போடு செய்ததில்லை. ஆனால் நிலத்தில் முழந்தாளிட்டுக் கையில் காந்தத்தோடு அந்தத் துண்டைத் தேடுகிற ஒவ்வொரு தடவையும், இப்போது நேரம் இரண்டேகால், என் மகன் எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியாது என்ற நினைப்பு நெஞ்சில் வந்து நிற்கும். வேலை செய்யும் இடத்துக்குக் கைபேசி கொண்டுபோக முடியாது. அது வாசலில் பெட்டிக்குள் பூட்டியிருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு மாரியில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்கு விடிய விடிய மழை. பாடசாலை வளவுக்குள் வெள்ளம் வந்ததால் பத்தரைக்கே பிள்ளைகளை விட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது; ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறந்து கைபேசியை எடுத்தபோதுதான் ஆசிரியை அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். அன்றைக்குப் பேருந்தும் தண்ணீருக்குள்ளால் ஊர்ந்து ஊர்ந்து வந்து, என்னை இறக்கிவிட்டபோது ஏழு மணி. வீட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். வீடு பூட்டியபடி இருந்தது. கிணற்றுக் கட்டு தண்ணீருக்குள் தெரியாமல் போயிருந்தது. அந்த இடத்தில் நின்று நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகள் கோயிலடியில் இருந்தார்கள். ஊருக்குள் மேட்டுநிலம் அதுதான் என்று மகளுக்குத் தெரிந்திருக்கிறது. தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முதலில் மண்டபத்துக்குப் போயிருக்கிறாள், அது பூட்டியிருந்தது. பிறகு தேர்முட்டியின் படிக்கட்டில் ஏறி, மழைச்சாரல் படாத மூலையில் அவனை இருத்தி, புத்தகப் பைக்கு மேலே போட்டிருந்த பொலித்தீனை எடுத்து அவனைச் சுற்றியிருக்கிறாள். நான் போனபோது அவன் அவளுடைய மடியில் தலை வைத்து நித்திரை. அவள் நித்திரை கொள்ளவில்லை. காலையில் தின்ற புட்டுக்குப் பிறகு இருவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நான் கட்டிப்பிடித்து அழுதபோது அவள் சொன்னது இதுதான்: “ஏனம்மா அழுறீங்கள், கோயிலடியில இருந்தால் அம்மன் பாத்துக்கொள்ளுவா எண்டு நினைச்சுத்தான் இஞ்ச வந்தனான்.” அப்போது அவளுக்கு எட்டு வயது.

அந்தத் தேர்முட்டியில் இருந்து மண்டபத்தின் கதவுக்கு இருபது அடிகூட இல்லை. உள்ளே பாய் இருந்தது, மின்விளக்கு இருந்தது, அன்னதானத்துக்கு வாங்கி மிச்சமிருந்த அரிசிகூட இருந்தது. யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. திறப்பு வைத்திருந்தவருடைய வீட்டுக்கும் அன்றைக்கு வெள்ளம் வந்திருந்தது. பிள்ளைகள் அங்கே வருவார்கள் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். இனிமேல் எதிர்பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வேலைக்குப் போகிற பெண்கள் முந்தியும் வன்னியில் இருந்தார்கள். வயலில் நாற்று நட்டவர்களும் களை பிடுங்கியவர்களும் கச்சான் ஆய்ந்தவர்களும் எங்கள் தாய்மார்தான். அவர்கள் பிள்ளைகளை வீட்டில் விட்டுப் போனபோது அங்கே அம்மம்மா இருந்தார், அப்பாச்சி இருந்தார், பக்கத்து வளவில் சின்னம்மா இருந்தார். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தபோது எங்கள் வீட்டில் ஐந்து பேரில் இரண்டு பேர் மிஞ்சியிருந்தோம்; என் அம்மா அந்த இரண்டு பேரில் இல்லை. முகாமில் இருந்துவிட்டு 2010 இல் காணிக்குத் திரும்பி வந்து நிவாரணத் தகரத்தின் கீழ் வாழ்க்கையைத் தொடங்கினேன். என் பிள்ளைகளுக்கு அம்மம்மா என்பது சுவரில் மாலை போட்ட படம். எங்கள் 14 பேரில் ஒன்பது பேருடைய வீட்டில் நிலைமை இதுதான், அல்லது இதைவிடக் கடினம். கணவர் இருக்கிற வீடுகளில் அவர் பெரும்பாலும் ஊரில் இல்லை. என்னுடையவர் கொழும்பில் கட்டிட வேலை செய்கிறார். மாதத்தில் இரண்டு நாள் வருவார். போரில் உயிர்கள் போனதோடு, பின்னேரம் முற்றத்தில் இருந்து பிள்ளைகளை அதட்டிக் கூப்பிடுகிற ஒரு தலைமுறையும் போய்விட்டது என்பதைப் பிள்ளை பெற்ற பிறகுதான் உணர்ந்தேன்.

வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார் என்று சொல்கிறவர்களுக்கு நான் நீட்டிப் பதில் சொல்லப் போவதில்லை. நுண்கடன் எடுத்து, கிழமைக் கட்டுப்பணத்துக்குத் தோட்டை விற்று, கடைசியில் மற்றொரு கடன் எடுத்து அந்தக் கடனைக் கட்டிய பெண்கள் இந்த ஊரில் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். நான் அந்த வரிசையில் நிற்காததற்குக் காரணம் இந்த மாதச் சம்பளம். ஊழியர் சேமலாப நிதிக்கு என் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடித்து, கம்பனி 12 போடுகிறது. மகளின் படிப்புக்கு என்று நான் நம்பியிருக்கிற ஒரே சேமிப்பு அது.

சட்டமும் எங்களை அடியோடு மறந்துவிடவில்லை. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பாலூட்டுவதற்கு வேலை நேரத்தில் இடைவேளை கிடைக்கும். 2018 இல் செய்த திருத்தத்தால், எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் விடுமுறை கிடைக்கும். மகனுக்கு அந்த 84 நாளும் எடுத்தேன். அவனுக்கு ஒரு வயது முடிந்த மறுநாளில் இருந்து சட்டத்தின் கணக்கில் நான் தாய் இல்லை, வெறும் தொழிலாளி. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பின்னேரம் யார் துணை என்ற கேள்விக்குத் தொழிற்சாலையிலும் பதில் இல்லை, பாடசாலையிலும் பதில் இல்லை. அதனால்தான் கோயிலிடம் வந்து நிற்கிறேன். கோயிலுக்கு இது புதிய வேலையும் இல்லை.

1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது எனக்கு ஏழு வயது. அக்கராயன் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில் மடத்தில் பதினொரு குடும்பங்கள் சேலையால் மறைப்புக் கட்டிக்கொண்டு இருந்தோம். அம்மா விடியவே கூலிக்குக் களை பிடுங்கப் போய்விடுவார். பிள்ளைகள் எல்லோரும் கோயில் வளவுக்குள் நிற்போம். பூசாரியின் மனைவியை நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுவோம். பின்னேரம் மூன்று மணிக்கு ஆச்சி கிணற்றடியில் நின்று எங்களை எண்ணுவார். இருபத்தொன்று வர வேண்டும். ஒன்று குறைந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வேலியோரமெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். எண்ணிக்கை சரியென்றால் ஆளுக்கு ஒரு பிடி அவல், இருக்கிற நாளில் ஒரு துண்டுச் சர்க்கரையும். நான் பக்தி என்ற சொல்லை எப்போது கேட்டாலும் எனக்கு முதலில் தெரிவது கர்ப்பக்கிருகம் அல்ல. ஈரச் சேலையோடு நின்று விரலை நீட்டி நீட்டி எண்ணுகிற அந்த ஆச்சிதான். அப்போது அந்தக் கோயிலுக்குக் கோபுரமும் இல்லை, மண்டபமும் இல்லை. ஓட்டைக் கூரை போட்ட மடம் ஒன்றுதான் இருந்தது.

மடு மாதா கோயிலிலும் அப்படித்தான். 1990களில் ஆயிரக்கணக்கான சனங்கள் அந்த வளவுக்குள் வருடக்கணக்காக இருந்தார்கள். என் பெரியம்மா குடும்பமும் அங்கேதான் இருந்தது. நெற்றியில் திருநீறு இருக்கிறதா என்று பார்த்து அங்கே ஒருவரும் இடம் கொடுக்கவில்லை.

வற்றாப்பளை அம்மனின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அதில் ஓரிடத்தை உங்களோடு சேர்ந்து நின்று பார்க்க விரும்புகிறேன். மதுரையை எரித்த பின் ஈழத்துக்கு வந்த கண்ணகை அம்மன், நந்திக்கடலோரத்தில் ஒரு கிழவியாக வந்து நின்றபோது அவளை முதலில் கண்டவர்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள். அவர்கள்தான் அவளுக்குக் குடில் போட்டுக் கொடுத்தார்கள், பொங்கிக் கொடுத்தார்கள். விளக்கு வைக்க எண்ணெய் இல்லை என்று அவர்கள் சொன்னபோது கடல்நீரை அள்ளி ஏற்றச் சொன்னாள், விளக்கு எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பாருங்கள் என்று தலையைக் குனிந்து காட்டினாள். மயிரை விலக்கிப் பார்த்த பிள்ளைகளுக்குத் தலை முழுவதும் கண்ணாகத் தெரிந்தது. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முந்திய கிழமை சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிக்கிறோம். ஆயிரம் கண்ணுடையாள் என்று அம்மனைப் பாடுகிறோம். பாடும்போதெல்லாம் நான் அந்தச் சிறுவர்களை நினைப்பேன். வெயிலில், கடலோர வெளியில், பெரியவர்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் நின்ற பிள்ளைகள் அவர்கள். அம்மன் தேடி வந்து தன் தலையைக் கொடுத்தது அவர்களுடைய கையில். என்னிடம் இருப்பது இரண்டு கண்கள். அவை காலை முதல் மாலை வரை ஊசி முனையில் இருக்கின்றன. அம்மனின் பெயரால் கட்டிய மண்டபத்தில் இரண்டு முதிய பெண்களின் கண்கள் என் பிள்ளைகள் மேல் இருந்தால், அதையும் அவளுடைய கண்ணென்றே எடுத்துக்கொள்வேன்.

சபையில் என்னென்ன மறுப்பு வரும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். திருவிழாக் கூட்டம் முடிந்து போகிறவர்கள் வழியில் பேசிக்கொள்வது எங்கள் காதிலும் விழும். முதலாவது, ஏதும் நடந்துவிட்டால் யார் பொறுப்பு என்பது. நியாயமான கேள்வி. பிள்ளைகளின் பெயர்ப் பதிவு ஒன்று வைப்போம். வரும்போதும் போகும்போதும் பதிவோம். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் தொடங்குவோம். எந்த நேரத்திலும் இரண்டு பெண்கள் சேர்ந்தே பொறுப்பில் இருப்பார்கள், கதவு சாத்தப்படாது, பிள்ளையைப் பதிவில் உள்ள ஆளிடம் தவிர வேறொருவரிடம் அனுப்பமாட்டோம். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைச் சுவரில் பிள்ளைகளுக்குத் தெரிகிற உயரத்தில் எழுதி வைப்போம். இவை எல்லாவற்றையும்விட ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டும்: மண்டபம் பூட்டியிருந்தால் பொறுப்பு இல்லாமல் போய்விடுமா? அந்த மழைநாளில் தேர்முட்டிப் படியில் பாம்பு வந்திருந்தால் நாம் எல்லோரும் சேர்ந்துதான் அழுதிருப்போம்.

இரண்டாவது, ஆசாரம். மண்டபம் வெளிவீதியில் இருக்கிறது. பிள்ளைகள் உள்வீதிக்குப் போகமாட்டார்கள். மச்சச் சாப்பாடு கொண்டுவரமாட்டார்கள், முட்டையும் இல்லை. துடக்கு வீட்டுப் பிள்ளைகள், பெரியபிள்ளையான பெண்பிள்ளைகள் பற்றியதை எங்களிடம் விட்டுவிடுங்கள். கோயில் ஒழுங்கை எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் எங்கள் தாய்மார்தான், அதை நாங்கள் கெடுக்கமாட்டோம்.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 26 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபா போடச் சம்மதித்திருக்கிறோம். தனியாக வாழ்கிற இரண்டு ஆச்சிமார் பொறுப்பெடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; அவர்களுக்கும் அது கைச்செலவுக்கு உதவும். ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் கிழமையில் மூன்று நாள் வந்து பாடம் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், சம்பளம் வேண்டாமாம். மின்கட்டணத்தை நாங்கள் கட்டுவோம்.

அடுத்த கேள்வியை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், ஆனால் மனதில் வரும்: எந்த வீட்டுப் பிள்ளைகள்? 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த 26 பேரில் இருக்கிறார்கள். வேதக்காரக் குடும்பங்கள் இரண்டின் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோயிலில் உபயம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பாதிக்கு மேல். அந்தத் தாய்மாரும் நானும் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் இருந்து போகிறோம். 2009 இல் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தவர்களும் எங்களில் உண்டு. ஒரு பிள்ளையை வெளியில் நிறுத்திவிட்டு மற்றப் பிள்ளைகளுக்குக் கதவு திறப்பதென்றால் எங்களுக்கு அந்தக் கதவு வேண்டாம். இதில் நாங்கள் 14 பேரும் ஒரே சொல்லில் நிற்கிறோம்.

சபை செய்துவருகிற நல்லவற்றை மறந்துவிட்டு இதைக் கேட்கவில்லை. இடிந்துபோய் மரம் முளைத்துக் கிடந்த கோயிலை மீளக் கட்டியெழுப்பியது நீங்கள்தான். கும்பாபிஷேகத்துக்கு நானும் ஒரு மாதத்து மேலதிக நேரச் சம்பளத்தைக் கொடுத்தேன்; அந்தக் கோபுரத்தை விடியற்காலையில் பேருந்துக்குள் இருந்து பார்க்கும்போது மனம் நிறைகிறது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் உறவுகள் மண்டபத்துக்கு அனுப்பிய காசு எப்படிச் சேர்ந்தது என்பதும் எனக்குத் தெரியும். என் ஒன்றுவிட்ட அண்ணா பாரிசில் உணவகத்தில் கோப்பை கழுவிய கையால் அனுப்பிய காசும் அந்தச் சுவருக்குள் இருக்கிறது. அவரிடம் கேட்டேன். “பிள்ளையளுக்குத் திறந்தால் எனக்கு அதைவிட வேறென்ன வேணும்” என்றார். திருவிழா, கலியாணம், குருபூசை எல்லாம் சேர்த்தாலும் மண்டபம் வருடத்தில் இரண்டு மாதம்தான் திறந்திருக்கிறது. விசேட நாள்களில் நாங்கள் விலகிக்கொள்வோம்.

ஆறுமுக நாவலர் 1847 ஆம் ஆண்டின் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதே வண்ணார்பண்ணையில் பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கிவிட்டார். கோயிலில் பேசியதோடு அவருக்குப் போதுமாக இருக்கவில்லை. எங்கள் கிளிநொச்சியிலேயே ஜெயந்திநகரில் மகாதேவ ஆச்சிரமம் பெற்றோரில்லாப் பிள்ளைகளை வைத்து வளர்த்துவருகிறது. நாங்கள் கேட்பது அவ்வளவு பெரிய காரியமும் அல்ல. பெற்றோர் இருக்கிற பிள்ளைகளுக்கு, பெற்றோர் வரும்வரைக்கும் ஒரு கூரை.

ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பில் மகளுக்குத் திருஞானசம்பந்தர் கதை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அதை எனக்கு ஒப்புவித்தாள். மூன்று வயதுப் பிள்ளையைக் குளக்கரையில் இருத்திவிட்டுத் தகப்பன் நீராடப் போனதும், தகப்பனைக் காணாமல் பிள்ளை கோயிலைப் பார்த்து அழுததும், உமையம்மை வந்து பால் கொடுத்ததும் எல்லாம் பிழையில்லாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்து, “அம்மா, அவற்ர அப்பா அந்தக் குளத்துக்குள்ளதானே நிண்டவர். எவ்வளவு நேரம் குளிச்சிருப்பார்?” என்று கேட்டாள். கொஞ்ச நேரந்தான் என்றேன். “அதுக்கே அம்மன் வந்தவா,” என்றாள். பிறகு தம்பியின் சப்பாத்துக்குப் பூச்சுப் போடப் போய்விட்டாள். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்திருக்கிறாள். நான் அன்றிரவு வெகு நேரம் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பூரணை நாள் எங்களுக்கு வேலை இல்லை. அன்று சபை கூடுமானால் நாங்கள் 14 பேரும் வந்து வெளிமண்டபத்தில் இருப்போம். கூப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்வோம். ஏனைய ஊர்களின் சபையினருக்கும் சொல்கிறேன்: உங்கள் ஊர்ச் சந்தியிலும் விடியற்காலையில் ஒரு கம்பனிப் பேருந்து வந்து நிற்கிறது, அதில் ஏறுகிற பெண்களைக் கூப்பிட்டு, பின்னேரம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள்.

மண்டபத்தின் பின்பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. சென்ற ஞாயிறு வீதி கூட்ட வந்தபோது பார்த்தேன். கைப்பிடியைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளை இழுத்தால் கழன்றுவிடும், அந்தப் பக்கம் கேணி இருக்கிறது. புதிய தாழ்ப்பாளும் கேணிக்கு அடைக்கிற கம்பிவலையும் வாங்கிக் காசைப் பிரித்துக் கட்டிவிட்டோம். இரண்டும் என் வீட்டுக் குசினியில் சாக்கால் சுற்றியபடி இருக்கின்றன. எப்போது கொண்டுவரலாம் என்று ஐயாமார் ஒரு சொல் அனுப்பினால், அன்றைக்கே தச்சனோடு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்த் தாய்மாரில் ஒருத்தி
விசுவமடு